ஒண்ணு இருந்தா உட்காரலாம்

அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. எரிந்துபோன ஒரு மோட்டாரின் வயிற்றுப் பாகத்தை, கருகிய செம்புக் கம்பியோடு அப்படியே தூக்கிவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தான். இருபது கிலோவுக்குக் குறையாது. எப்பேர்ப்பட்ட காற்றுக்கும் கதவு அசையாது. மற்ற வீடுகளில் பெருநாளுக்கு ஒரு நாள்தான், யார் வந்தாலும் வரவேற்கிற திறந்த இல்ல உபசரிப்பு. அவனுக்கு வருசம் முழுக்க அதுதான். வாசலில் யார் நிழலாடினாலும், திரும்பிக்கூடப் பார்க்காமல், "செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்க" என்பான்.

அந்தத் திறந்த கதவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகிற பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் எண்ணெய் ஆலை. ஆலைக்குப் பின்னால் பன்னிரண்டு வீடுகள். அதில் எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரே சுவர். நான் காய் லாரிகளை எடை போடும் மேடையில் கணக்கு எழுதும் கிராணி. அவன் ஆலையின் மின்சாரத்துக்குப் பொறுப்பாளி. லைசென்ஸ் வாங்கிய ஆள். சார்ஜ்மேன் என்று வேலையின் பெயராலேயே எல்லாரும் கூப்பிட்டார்கள். அவனுக்கு வேறு பெயரும் உண்டு என்பது அவன் அம்மா போனில் கூப்பிடும்போதுதான் நினைவுக்கு வரும். என்னைவிட மூன்று வயது இளையவன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியவன்மேல் பொறாமைப்பட்டால் மரியாதை என்று சொல்லிச் சமாளிக்கலாம். சின்னவன்மேல் பட்டால் அதற்குப் பெயர் பொறாமைதான்.

ஆரம்பத்தில் இரண்டு பேரும் சரிசமம். ஒரே நாளில், சிரம்பானில் ஒரே கடையில், ஒரே விலைக்கு, ஒரே மாதிரி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினோம். கடை முதலாளி தவுக்கே இரண்டு பெட்டியையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அவன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து எது யாருடையது என்று பார்க்காமலே ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். கணினியில் ஆட்டம் ஆடுகிறவனுக்கு அந்தக் கார்டுதான் உயிர். அது இல்லாவிட்டால் திரையில் கணக்குப் போடலாம், கடிதம் அடிக்கலாம். காட்டையும் மலையையும் காட்டச் சொன்னால் பெட்டி மூச்சு வாங்கி நின்றுவிடும்.

பிறகு கொரோனாவும் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்தன. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தது. உட்கார்ந்தவனுக்கெல்லாம் கணினி வேண்டும், கணினிக்குக் கார்டு வேண்டும். அது போதாதென்று, இதே கார்டைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத இணையக் காசைத் தோண்டி எடுக்கிற கூட்டம் ஒன்று கிளம்பி, கடையில் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியோடு அள்ளியது. நாங்கள் வாங்கிய விலை இரண்டு மடங்கானது, மூன்று மடங்கானது. கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் கோலாலம்பூரிலிருந்து ஒருவன் கார் எடுத்துக்கொண்டு எங்கள் ஆலை வாசலுக்கே வந்தான்.

நான் விற்றேன். அதுதான் என் புத்திசாலித்தனம். இன்று மூன்று மடங்குக்கு விற்று, நாளை விலை இறங்கியதும் புதிதாக வாங்கிக்கொள்வது என்று திட்டம். வந்த காசில் என் மனைவி ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாள்.

அந்த ஆள் அவன் வாசலிலும் போய் நின்றான். உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, இவன் சொன்ன பதில் சுவர் வழியாகவே எனக்குக் கேட்டது: "உலை கொதிக்கயில அரிசிய விக்கக் கூடாது பாஸ்."

வசனங்களைச் சேர்ப்பது என் பழக்கம். லாரிக்காரர்கள் சொல்வது, கோயில் வாசலில் கேட்பது எல்லாவற்றையும் மனதில் எழுதி வைத்துக்கொள்வேன். இதை மட்டும் எழுதிக்கொள்ளப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

விலை இறங்கவில்லை. ஆறு மாதம் பொறுத்துச் சிரம்பான் கடைக்குப் போனேன். தவுக்கே கையை விரித்தார். "காட் தாக் அடா லா, பாஸ். செட் அடா." கார்டு தனியாக இல்லையாம்; முழுக் கணினியாக எடுத்தால் அதற்குள் இருக்குமாம். ஒரு முட்டை கேட்டவனைக் கோழிப்பண்ணையை வாங்கச் சொல்கிற வியாபாரம். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கார்டின் காற்றாடி ஹுஸ்ஸென்று சுற்றுகிறது. இந்தப் பக்கம் எங்கள் இயந்திரத்தில் துணி சுற்றுகிறது.

"சுவத்துல காத வச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு, போயி உக்காந்து ஆடிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"என் கார்டு இருந்தா நான் ஏன் அங்க போறேன்?"

"ஒங்க கார்டு நம்ம வீட்டுல தெனம் துணி தொவைக்குது. அவரு கார்டு என்னா தொவைச்சுச்சு? போவீங்களா!"

போனேன். எல்லாரும் போனார்கள். அவன் வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு கார்டு. ஆளுக்கு அரை மணி நேரம். காத்திருப்பவர்கள் காலி எண்ணெய் டின்னில் உட்காரலாம், அல்லது ஆடுகிறவன் தலைக்குப் பின்னால் நின்று வழி சொல்லலாம். அவன் முறை எப்போதும் கடைசி. சில நாள் வராமலே போகும். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நான்தான் கவலைப்பட்டேன். தன் பொருளில் தனக்குக் கடைசி முறை வைத்துக்கொள்கிறவனை எப்படித் திட்டுவது?

காய் லாரி ஓட்டும் மணியம் தவறாமல் வருவான். பகல் முழுக்க லாரி ஓட்டிவிட்டு, மாலையில் இங்கே வந்து, பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துச் சாலையில் லாரி ஓட்டும் ஆட்டம்தான் அவனுக்கு வேண்டும்.

"ஐயோ, பனியில பிரேக்கு பிடிக்க மாட்டேங்குது லா!"

"ஏன்டா மணியம், இங்கயும் லாரியா?" என்றேன்.

"இங்க ஒங்க மேடையில எடைக்கு நிக்க வேணாம்ல, கிராணியாரே."

எல்லாரும் சிரித்தார்கள். சார்ஜ்மேன் சிரித்தது மட்டும் எனக்கு உறைத்தது.

ஒரு தடவை, ஒரே ஒரு வாரத்துக்குக் கார்டைக் கழற்றிக் கொடு என்று கேட்டேன். தலையை ஆட்டினான். "உக்காந்து ஆடுங்கண்ணே. கழட்டிக் கேக்காதீங்க." சரி, உன் கையில் காசு இருக்கிறதே, எங்காவது இன்னொன்று தேடி வாங்கிப் போடேன், இரண்டு பேர் சேர்ந்து ஆடலாமே என்றேன். அதற்குத்தான் அந்த வசனம் வந்தது. "ஒண்ணு இருந்தா உட்காரலாம். ரெண்டு இருந்தா காவ காக்கணும்."

எல்லாவற்றுக்கும் இதையே சொல்வான். சப்பாத்து ஒரு ஜோடி, தலைக்கவசம் ஒன்று, குடை ஒன்று. கேண்டீன் அக்கா ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் ஒண்ணு ஒண்ணுங்கிற. பொண்டாட்டி மட்டும் ஒண்ணுகூட இல்லியேடா?"

"கடையில கேட்டு வச்சிருக்கேன்கா. ஸ்டாக் இல்லையாம்."

அதே அக்காதான் ஒரு நாள் காலை, நாங்கள் கார்டு கார்டு என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு, "அதென்னா ஒலகத்துல இல்லாத கார்டு? எங்கதான் போச்சு?" என்றார்.

சார்ஜ்மேன் என்னைக் கை காட்டினான். "அண்ணனக் கேளுங்கக்கா. அவரு தெனம் பண்றதுதான்."

"நான் என்னா பண்ணேன்?"

"ஒங்க மேடையில காலையில எத்தன லாரி நிக்கிது?"

"முப்பது, நாப்பது."

"யார மொதல்ல விடுவீங்க?"

"கம்பெனித் தோட்டத்து லாரிய. காண்ட்ராக்ட் இருக்குல்ல."

"அஞ்சு ஏக்கர் வச்சிருக்கிற கம்பத்து மலாய்ப் பெரியவரு, அந்தப் பாக்சிக், அவரு சின்ன லாரி?"

"நிக்கும்."

"காயி?"

"வாடும்."

"அவ்ளோதான்கா. கார்டுக்குள்ள இருக்கிற சிப்பு செய்யிற ஃபேக்டரி ஒலகத்துக்கே ரெண்டு மூணுதான் இருக்கு. போன் செய்றவன், கார் செய்றவன், காசு தோண்டுறவன் எல்லாம் பெரிய லாரி. நம்ம பாக்சிக் லாரி."

"அப்ப பெரிய லாரிக்குக் கார்டு, பாக்சிக்குக்கு வெயிலா?" என்று அக்கா என்னை முறைத்தார், கார்டையெல்லாம் நானே எடுத்து ஒளித்து வைத்த மாதிரி. அன்று மேடையில் ஒரு பாக்சிக்கின் லாரியை முன்னால் விட்டேன். ஒரே ஒரு நாள்தான். மறுநாள் கம்பெனி லாரிக்காரன் சத்தம் போட்டதும் பழையபடி ஆகிவிட்டது.

இனி, சொல்லக் கூசுகிற இடம்.

எங்கள் குடியிருப்பில் மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது. ஆலையே செம்பனை ஓட்டையும் நாரையும் எரித்துத் தனக்கு வேண்டிய கரண்டைச் செய்துகொள்ளும். மிச்சம் எங்கள் வீடுகளுக்கு. இலவசம். அந்தச் சமயம் நாட்டில் அங்கங்கே கடைவீட்டு மாடிகளில் கரண்டைத் திருடி, நூறு கார்டு மாட்டி இணையக் காசு தோண்டியவர்களைப் பிடித்ததாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. கேண்டீனில் அதைப் பற்றிப் பேச்சு. யாரோ கேட்டார், "நம்ம சார்ஜ்மேனு ஏன் அந்தக் கார்ட விக்க மாட்டேங்குறான்?"

நான் தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னேன்: "அவனுக்கென்னா, கரண்டு சும்மாதானே. எப்பப் பாத்தாலும் மெஷினு ஓடுது. ஆட்டம்தான் ஆடுதோ, காசுதான் வெளையுதோ, யாரு கண்டா?"

சொன்னவுடன் மனதுக்குச் சுகமாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை சொன்னது வியாழக்கிழமை ஆபீசுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேனேஜர் காவல்காரரைக் கூட்டிக்கொண்டு குடியிருப்புக்கு வந்தார். யார் வீடு எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்குக் கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் இடுக்கி மீட்டர் வேண்டும். ஆலையில் அது ஒன்றுதான் உண்டு. அது சார்ஜ்மேன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

தன் வீட்டைத் தானே அளந்து காட்டினான். கணினியைப் போட்டு, ஆட்டத்தையும் ஓடவிட்டு, இடுக்கியைக் கம்பியில் மாட்டி, "ரெண்டு ஆம்பியர்கூட இல்ல சார். பாத்துக்குங்க" என்று மீட்டரை மேனேஜரின் கண்ணுக்கு நேரே நீட்டினான். உள்ளே ஒரு பெட்டி, ஒரு கார்டு. காவல்காரர் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். வந்ததுதான் வந்தோம், பன்னிரண்டு வீட்டையும் அளந்துவிடலாம் என்றார் மேனேஜர்.

என் வீட்டில் அப்போது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள், சுடுதண்ணீரில். குடியிருப்பில் தண்ணீர் சூடாக்கும் கருவி மாட்டக் கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. அது இழுக்கிற இழுப்புக்கு லைன் தாங்காது. எனக்கு அதை யாருக்கும் தெரியாமல் மாட்டிக் கொடுத்தவனே சார்ஜ்மேன்தான்.

இடுக்கியை என் வீட்டுக் கம்பியில் மாட்டினான். நான் பக்கத்தில் நின்றேன், எண் எனக்குத் தெரிந்தது. பதினைந்து. அவன் மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மீட்டரை மெதுவாகத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"துணி தொவைக்கிற மெஷினு சார். மூணு."

மேனேஜர் மூன்று என்று எழுதிக்கொண்டார். மூடி திறந்தபடி, துணியே இல்லாமல், அந்த மெஷின் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அவன் வீட்டில் குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் ஊர் வாயை அடைக்க வேண்டுமே. குடியிருப்பில் இனி விளையாட்டுக் கணினி ஓட்டுவதில்லை என்று ஒரு கடிதம் அடித்து, அவனை மட்டும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டான். கணினிமேல் ஒரு பழைய கைலிச் சாரத்தைப் போர்த்தினான். கதவு மட்டும் எப்போதும் போலத் திறந்திருந்தது. மணியம் வந்து டின்னில் உட்கார்ந்து அந்தச் சாரத்தையே பார்த்துவிட்டு, மைலோ குடித்துவிட்டுப் போவான்.

இப்போது அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மறுபடி சரிசமம். ஒரு வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என் அம்மா சொல்வார், பொறாமைக்காரன் வீட்டில் பூனைகூட இளைக்கும் என்று. இரண்டாவது வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது மாதம், ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றான்.

அங்கே பெரிய பெரிய தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இணையக் காசுக்காரர்கள் ஓய்ந்து, கார்டு விலை கொஞ்சம் மூச்சுவிட்ட நேரத்தில், யோசிக்கும் இயந்திரம் செய்கிறவர்கள் வந்து அதே சிப்புக்கு வரிசையில் முன்னால் நின்றுவிட்டார்கள். அவர்கள் கட்டிடத்துக்குக் கரண்டு பார்க்க லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். சம்பளம் எங்கள் ஆலையில் கனவில்கூட வராத சம்பளம். அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு அது பழகிப்போன வேலை.

கிளம்புகிற அன்று பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தான். திறந்தால், நாளிதழில் சுற்றிய கார்டு.

"அங்க ஒரு ரூம்புல ஆறு பேருண்ணே. இத எங்க வைக்கிறது? நான் வர்ற வரைக்கும் நீங்க ஆடிக்கிட்டிருங்க. விக்காதீங்க."

"கடுதாசி இருக்கே தம்பி..."

"கடுதாசி எம் பேருலதானே. ஒங்க பேருல இல்ல." டின்னை என் கையில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "ஆடுங்க. கரண்டு சும்மாதானே."

நான் டின்னிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டிச் சத்தம் ஆலையைத் தாண்டிப் போகும்வரை எடுக்கவில்லை.

பிறகு அவன் இந்தப் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவை, அந்த வருசக் கிறிஸ்துமஸுக்கு. அதற்கப்புறம் ஜொகூரிலேயே, கூலாயில் பெண் கட்டி, அம்மாவையும் அங்கேயே கூட்டிக்கொண்டான் என்று கேள்வி. அந்த ஒரு தடவையைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம். கதவைச் சாத்திக்கொண்டு, மணியத்தின் அதே பனி தேசத்தில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் கையில் கேக் டப்பாவோடு நிற்கிறான்.

"செருப்ப வெளிய விட்டாச்சு. உள்ள வரலாமா?"

வேலையைப் பற்றிக் கேட்டேன். "இப்ப நான் பெரிய லாரி பக்கம்ணே" என்றான். ஒரு கூடத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் கார்டாம். ஒவ்வொன்றும் ஒரு கார் விலையாம். "மொத நாளே பின்னால போயி பாத்தேன். மானிட்டர் சொருக ஓட்டையே இல்ல!"

"அப்பறம் படம் எப்படித் தெரியும்?"

"படமே கெடையாதுண்ணே. கணக்கு மட்டும்தான். அந்தச் சத்தத்துக்குக் காதுல அடைப்பான் போட்டுக்கிட்டு, பன்னண்டு மணி நேரம் நடந்துக்கிட்டே காவ காக்கிறேன். உக்கார ஒரு நாக்காலிகூட இல்ல."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் கண் என் நாற்காலிக்குப் போனது.

"ஒரு ஆட்டம்?"

என் கை நாற்காலியின் முதுகில் இருந்தது. அதை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அவன் பார்த்திருப்பான். அவனுடைய கார்டு அது. ஆனாலும் கை வரவில்லை. கடைசியில் விலகி நின்றேன். அவன் உட்கார்ந்தான். காற்றாடி ஹுஸ்ஸென்று எழும்பியது. நான் அவன் தலைக்குப் பின்னால் போய் நின்றேன், அந்த வீட்டில் நின்ற மாதிரியே.

"தம்பி, அன்னிக்குக் கேண்டீன்ல..."

"தெரியும்ணே. திங்கக்கெழமையே அக்கா சொல்லிட்டாங்க." அவன் திரும்பவில்லை. "இப்பப் பேசாதீங்க, வளைவு வருது."

திங்கட்கிழமையே. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை இடுக்கியை நெஞ்சுப் பக்கம் திருப்பியபோதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அரை மணி ஆனது. எல்லாருக்கும் நேரம் பார்த்து எழுப்பிவிட்டவன், தான் எழவில்லை. பனியில் லாரி போய்க்கொண்டே இருந்தது. வயிறு எரியத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். நான் நேரம் சொல்லவில்லை.

அவனுக்குத் திறந்த கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டது. முட்டுக் கொடுக்க என் வீட்டில் எதுவும் கிடையாது. அதற்கு எனக்கு எப்போதும் தேவை வந்ததில்லை. ஒரு காலை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றேன்.